தோன்றுநர் வரிசையில் அமலராணி

கூதிர்க்காலம் தாம்பரத்தின்மேல் ஓசையின்றி இறங்கும். கார் முழங்கி வந்து முழங்கிப் போய்விடும். கூதிருக்கு அந்த ஆரவாரம் இல்லை. ஐப்பசி முதிர்ந்து கார்த்திகை தலைகாட்டும் அந்நாட்களில் வானம் பிழியாமல் போட்ட துணிபோல் ஊர்மேல் தொங்கும். விமானப்படைத் திடலின் புல்வெளியில் நீர் நிற்கும். அந்நீரில் கொக்குகள், யாரோ நிறுத்திவைத்துவிட்டு மறந்துபோனவைபோல், ஒற்றைக் காலில் நிற்கும். கடற்கரையிலிருந்து வரும் மின்தொடர் வண்டி நடுப்பகலிலேயே விளக்கேற்றிக்கொண்டு நிலையத்துள் நுழையும். பண்டைச் செய்யுள் வல்லோர் இப்பருவத்தைப் பிரிந்தோர்க்கு உரியதென வகுத்தனர். பாசறையில் இருக்கும் தலைவனையும் மனையில் காத்திருக்கும் தலைவியையும் கருதி அவர்கள் வகுத்தது அது. மீளாத பிரிவுக்கெனத் தனிப்பருவம் அவர்கள் வகுக்கவில்லை. ஆகையால் அதுவும் இக்கூதிரிலேயே வந்து ஒண்டிக்கொள்கிறது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டின் கூதிர்த் தொடக்கத்தில் ஒரு நாள், சேலையூர்த் தையற்காரர் சவுரிமுத்து, தம் மகளின் குரல் தமக்கு மறந்துபோயிற்று என்பதை உணர்ந்தார். அமலராணி பிளஸ் டூ படிக்கையில் காய்ச்சல் கண்டு இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சுவரில் படம் இருந்ததால் முகம் தப்பிற்று. குரலுக்கு அத்தகைய காவல் ஏதுமில்லை. அவளைப் பற்றிப் பேசி மீட்கவும் வழியில்லை, அடக்கம் முடிந்து திரும்பிய அன்றே மனைவி ஞானம்மாள் கதவருகில் நின்று சொல்லிவிட்டார்: "இனிமே அந்தப் பேர இந்த வூட்ல யாரும் சொல்லக் கூடாது. சொன்னா நான் இங்க இருக்க மாட்டேன்." அன்றுமுதல் அவ்வீட்டில் அப்பெயர் ஒலிக்கவில்லை.

மேற்குத் தாம்பரம் சந்தைக்கு நூற்கண்டு வாங்கச் சென்ற சவுரிமுத்து, ஓர் அரிசி மண்டியின் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தது அந்த வாரத்தில்தான். 'தென்புறநகர்த் தன்வரலாறு எழுதுநர் பயிற்சிக் கழகம். நாள்தோறும் எழுதுக. மறந்தவை மீளும். ஞாயிறுதோறும் மண்டியின் மாடியில்.' மறந்தவை மீளும் என்ற தொடரை அவர் மறுமுறையும் படித்தார். பிறகு மாடியேறினார்.

கழகத்தின் தலைவர் வேதாசலம், அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராயிருந்து ஓய்வு பெற்றவர். புதிதாய்ச் சேர்வோரை எழுந்து நிற்கச் செய்து உரையாற்றுவது அவர் வழக்கம்.

"நினைவுங்கிறது நம்ம இஷ்டத்துக்கு வர்ற சமாச்சாரம் இல்லை. ஆபீஸ் ஃபைல் மாதிரி அதுக்கும் ஒரு சேனல் இருக்கு. நான் பதினோரு வருஷமா என் தன்வரலாறு எழுதறேன். இன்னும் முன்னுரைதான். இன்னும் நான் பிறக்கலை. ஏன்? அவசரப்பட்டுப் பிறந்துட்டா, அப்புறம் யார் யாரோ உள்ளே வருவாங்க. கன்ட்ரோல் பண்ண முடியாது."

அவையோர் கைதட்டினர். சவுரிமுத்துவும் தட்டினார்.

பயிற்சியின் நெறி எளியது. விடியலில் எழுந்து ஒரு பக்கம் எழுதவேண்டும். பேனாவைத் தாளிலிருந்து எடுக்கலாகாது, எழுதியதை அடிக்கலாகாது, ஒருநாளும் தவறலாகாது. ஒன்றும் தோன்றாவிடில், 'ஒன்றும் நினைவுக்கு வரவில்லை' என்பதையே பக்கம் நிறையும்வரை எழுதவேண்டும். சவுரிமுத்து முதல் மாதம் முழுவதும் அவ்வாறே எழுதினார். வேதாசலம் அப்பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்வையிட்டு, 'மிக நன்று. நடை சீராக உள்ளது' என்று குறிப்பெழுதினார். அம்மாதத்திற்குரிய பாராட்டும் சவுரிமுத்துவுக்கே கிடைத்தது.

அடுத்த மாதத்தில் ஒரு விடியலில், அதே தொடரை எழுதிக்கொண்டு வந்த கை அவரைக் கேளாமலே வேறொன்றை எழுதிற்று: அமலராணி தலை காயாமலே பள்ளிக்குப் போனாள்; ரவிக்கையின் முதுகில் ஈரம். அவர் திடுக்கிட்டார், ஆயினும் பேனாவை எடுக்கலாகாது என்பது விதி. அதன்பின் அவள் நாள்தோறும் வந்தாள். பாவாடையைப் பாய்க்கு அடியில் வைத்து மடிப்பு எடுத்தாள். செங்காயைத்தான் தின்பேன் என்று கொய்யாக்காய்க்காக அடம்பிடித்தாள். விமானப்படைச் சீருடைக்கு வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கோத்துக் கால்மிதி செய்து, நாம ஏர்போர்ஸ் மேலயே நிக்கிறோம் என்று சிரித்தாள். சிரித்தாள் என்று கை எழுதிற்றே தவிர, அச்சிரிப்பு செவிக்கு எட்டவில்லை.

கழகத்தின் பெருமைக்குரிய விதி ஒன்று உண்டு. பிற ஊர்களில் தன்வரலாறு எழுதுவோர் மனம்போன போக்கில் பொய்யெழுதுவதைக் கண்டு வெதும்பிய வேதாசலம், தம் அலுவலகப் பழக்கத்தால் அதனை யாத்திருந்தார். தன்வரலாற்றில் பெயர் சுட்டப்பெறும் ஒவ்வொருவரும் ஞாயிறன்று நேரில் தோன்றி, எழுதப்பட்டது மெய்யென ஒப்பவேண்டும். இதற்கெனத் தோன்றுநர் பதிவேடு ஒன்றிருந்தது. நீதிமன்ற வழக்கம்போல் ஒவ்வொரு பெயரும் மும்முறை அழைக்கப்படும். அழைப்பவர் செயலர் சிட்டிபாபு. அந்த மாடிக்கும் மண்டிக்கும் உரிமையாளர். மூதாதையர் உழுத நிலத்தை மனைகளாக்கி விற்றவர். அவரும் ஒருகாலத்தில் தன்வரலாறு எழுதியவரே. அதில் மனை வாங்கியோர் பெயர்கள் வந்தமையால் அவர்களெல்லாம் ஒரு ஞாயிறன்று திரண்டு தோன்றி, பட்டா எங்கே என்று கேட்டனர். அத்துடன் அவர் எழுதுவதை விடுத்துப் பதிவேட்டை மட்டும் பேணலானார்.

இவ்விதியால் விளைந்த நன்மைகள் பல. தொலைபேசி நிலையத்தில் பணிபுரிந்த சரசு என்பார், மாமியார் தமக்குச் சோற்றைக் குறைத்துப் போட்டதாக எழுதினார். மாமியார் பச்சையம்மா அழைப்பை ஏற்றுத் தோன்றினார். படிக்கச் சொல்லிக் கேட்டார். "பேனாவ இப்டி குடு" என்றார். அன்றுமுதல் சரசுவின் தன்வரலாற்றைப் பச்சையம்மா சொல்லச் சொல்லச் சரசு எழுதினார். ஒரே வரலாற்றில் இருவர் பயிற்சி பெறுவதாக ஆண்டறிக்கை இதனைப் போற்றிற்று. மறைமலை நகர்த் தொழிலாளி குப்பன் தம் எருமையைப் பற்றி எழுதினார். எருமை மாந்தரா என்று குழு ஆராய்ந்து, பெயர் உள்ளமையால் மாந்தரே என முடிவு செய்தது. எருமை கீழே சந்தில் கட்டப்பட்டது. சிட்டிபாபு சன்னல் வழியே தலைநீட்டி, "லச்சுமி" என்று மும்முறை அழைத்தார். எருமை ஏதோ சொல்லிற்று. பதிவேட்டில் குறியிடப்பட்டது.

சவுரிமுத்துவின் புதிய பக்கங்களுக்குப் பின் வந்த ஞாயிறு, பதிவேட்டில் புதிதாக ஏறிய பெயரைச் சிட்டிபாபு அழைத்தார்.

"அமலராணி. சவுரிமுத்து மகள் அமலராணி."

சவுரிமுத்து எழுந்தார். "அவ எறந்துட்டா சார்."

வேதாசலம் கண்ணாடியை உயர்த்தினார். "அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"எழுதல சார்."

"எழுதாததைக் கழகம் எப்படி அறியும்? உங்க எழுத்துப்படி போன வியாழக்கிழமை அவங்க கொய்யா கடிச்சுக்கிட்டு இருக்காங்க. கொய்யா கடிக்கிறவங்களை நான் எப்படி சார் டெட்னு என்ட்ரி போடறது? இறந்த பக்கத்தை எழுதிக் குடுங்க. ஏத்துக்கிட்டதும் பேரைச் சிவப்பு மையால அடிச்சுடுவோம். அதுவரைக்கும் கூப்பிடத்தான் செய்வோம்."

சிட்டிபாபு மூன்றாம் முறையும் அழைத்தார். மழைத்தூறல் ஓட்டுக்கூரையில் விழும் ஒலி மட்டும் இருந்தது. அவையோர் அனைவரும், ஏனென்று அறியாமலே, வாயிற்படியைத் திரும்பிப் பார்த்தனர்.

அன்று வீடு திரும்புகையில் நிலையத்து நடைமேம்பாலத்தின் நடுவே சவுரிமுத்து நின்றுவிட்டார். மூன்றாண்டாக எவர் வாயிலும் கேளாத பெயர் அது. மூன்றாம் அழைப்பு அவர் செவியில் இன்னும் ஓயவில்லை. கீழே செங்கற்பட்டு வண்டி ஓலமிட்டுக்கொண்டு போயிற்று, அந்த ஓலத்தின் அடியிலிருந்து, சற்றே கரகரத்த, பாதி எரிச்சலும் பாதி விளையாட்டுமான குரல் ஒன்று அழைப்புக்கு விடை சொல்லிற்று: "இன்னாப்பா, எதுக்கு இப்டி கத்தினு கீறே?"

அது அவள் குரலே. பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு சென்றனர். அவர் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றார்.

அன்றுமுதல் சவுரிமுத்து இறந்த பக்கத்தை எழுதாமல் காலம் தாழ்த்தலானார். எழுதினால் பெயர் அடிக்கப்படும். அடிக்கப்பட்டால் எவரும் அழைக்கமாட்டார். அழையாவிடில் அவளுக்கு விடை கூற வாய்ப்பேது? அவள் வாழ்ந்த நாட்களையே மேலும் மேலும் எழுதினார். ஞாயிறுதோறும் அப்பெயர் மும்முறை ஒலித்தது. கழகம் தன் ஒழுங்கின்படி, வராத அத்தோன்றுநர்க்கு ஒரு நாற்காலியும் ஒதுக்கிப் பெயர் ஒட்டி வைத்தது. இடநெருக்கடியிலும் அந்நாற்காலியில் எவரும் அமரவில்லை. சரசு தம் கைப்பையை அதன்மேல் வைத்துவிட்டுச் சட்டென எடுத்துக்கொண்டார்.

"இன்னா சவுரி, இன்னிக்கும் வர்ல போல உன் பொண்ணு" என்பார் சிட்டிபாபு, பதிவேட்டை மூடுகையில். தொடக்கத்தில் அது கேலி. பின்னர் அவர் அதனை மெல்லிய குரலில், பேருந்தைத் தவறவிட்ட பிள்ளையைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார்.

மார்கழியை ஒட்டிய ஒரு ஞாயிறன்று மூன்றாம் அழைப்புக்குப் பின் படிக்கட்டில் காலடி ஓசை கேட்டது. ஈரச் செருப்பின் ஓசை. ஓசை படி வளைவுவரை வந்து நின்றது. வெகுநேரம் கழித்து குப்பன் எழுந்து சென்று பார்த்தார், எவருமில்லை. வேதாசலம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு விதிநூலைப் புரட்டினார். "படிவரைக்கும் வந்தது வருகை ஆகாது" என்று தீர்ப்பளித்தார்.

அதற்கடுத்த வாரமே சவுரிமுத்துவுக்குக் கழகத்தின் இறுதி அறிவிப்பு அளிக்கப்பட்டது. வேதாசலம் அதை அவை நடுவே தாமே படித்தார்.

"வரும் ஞாயிற்றுக்குள் இறந்த பக்கம் ஒப்படைக்கப்படணும். இல்லேன்னா தோன்றுநர் நேர்ல வரணும். ரெண்டும் இல்லேன்னா அமலராணிங்கிற பேர் கற்பனைன்னு கொள்ளப்பட்டு நீக்கப்படும். தப்பா நினைக்காதீங்க சார். உயிரோட இருக்கறவங்களுக்கு ஒரு கட்டம், செத்தவங்களுக்கு ஒரு கட்டம் போட்டிருக்கு. ரெண்டுலயும் வராதவங்களை வைக்க எங்க படிவத்துல இடமில்லை."

"கற்பனைன்னா?" என்றார் சவுரிமுத்து.

"அப்படி ஒருத்தர் இருந்ததே இல்லைன்னு அர்த்தம்."

அவ்வாரம் அவர் விடியலில் எழுந்து பேனாவைப் பிடித்தார். அவளைக் காய்ச்சலுக்குள் கொண்டுசெல்லக் கை மறுத்தது. அவளைக் கற்பனையாக விடவும் நெஞ்சு மறுத்தது. பக்கம் வெறுமையாயிருந்தது.

வெள்ளிக்கிழமை சரசு ரவிக்கைத் துணி கொடுக்க வந்தார். வீட்டு முன்பகுதிக் கடையில் சவுரிமுத்து இல்லை, ஞானம்மாள் இருந்தார். ஏற்கெனவே அவருக்கும் தெரியும் என்று எண்ணிச் சரசு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார்.

சவுரிமுத்து திரும்பியபோது ஞானம்மாள் தையல் இயந்திரத்தருகே நின்றிருந்தார்.

"ஊரைக் கூட்டி வெச்சினு அந்தப் பேர ஏலம் வுடுறீங்களாமே."

சவுரிமுத்து கத்தரிக்கோலை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"யாரு கூப்புடுறது?"

"சிட்டிபாபு."

"பிளாட்டு போடுற ஆளா?"

"ஆமா."

ஞானம்மாள் உள்ளே சென்றார். வீட்டை விட்டே போய்விடப்போகிறார் என்று சவுரிமுத்து அஞ்சினார். சமையற்கட்டில் பாத்திரங்கள் உருண்டன. பின்பு அங்கிருந்தே குரல் வந்தது.

"எப்டி கூப்புடுவான்? அதட்டியா?"

"இல்ல. இஸ்கூல்ல கூப்புடுற மாதிரி. முழுப் பேரா. மூணு வாட்டி."

ஒரு பாத்திரம் கழுவிக் கவிழ்க்கப்பட்ட ஓசை கேட்டது.

"மூணு வாட்டி கூப்புட்டும் யாரும் பதில் சொல்றதில்லியா?"

"யாரு சொல்றது, ஞானம்?"



ஞாயிறன்று தேவாலயத்துப் பூசை முடிந்ததும் ஞானம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் மேம்பாலத்தின் பக்கம் நடந்தார். சவுரிமுத்து பின்தொடர்ந்தார். மாடியில் ஞானம்மாள் பெயர் ஒட்டிய நாற்காலியைக் கண்டார்; அதன் இருக்கையை முந்தானையால் துடைத்தார்; அதற்குப் பின்வரிசையில் அமர்ந்தார்.

பதிவேடு திறக்கப்பட்டது. "இறந்த பக்கம் கொண்டு வந்தீங்களா?" என்று வேதாசலம் வினவினார். சவுரிமுத்து இல்லையென்று தலையசைத்தார். வேதாசலம் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். "கடைசி அழைப்பு. கூப்பிடுங்க."

சிட்டிபாபு ஒருமுறை அழைத்தார். இருமுறை அழைத்தார். மூன்றாம் முறை செருமிவிட்டு அழைத்தார்.

"சவுரிமுத்து மகள் அமலராணி."

ஞானம்மாள் எழுந்தார்.

"கீறா சார்."



"எங்கேம்மா?" என்றார் வேதாசலம். "நேர்ல காட்டணும். கழகம் பார்க்கணும்."

"பெத்தவ நான் சொல்றேன். கீறா. எழுதிக்க."

"ரூல்ஸ்ல அப்படி..."

"எருமைய சன்னல் வழியாத்தான சார் பாத்து எழுதினீங்க" என்றார் குப்பன், மிகுந்த பணிவுடன்.

வேதாசலம் விதிநூலைப் புரட்டினார். தோன்றுநர் கண்ணுக்குப் புலப்பட வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அதை எழுதத் தேவையுண்டென்று அவருக்கு ஒருகாலத்தும் தோன்றியதில்லை. அவர் நிமிர்வதற்குள் சிட்டிபாபு குறியிட்டுவிட்டார்.

"அப்போ எங்கப்பனையும் போடுங்க சார்" என்றார் குப்பன். "ஏசுபாதம்னு பேரு. கம்பெனிக்கு எடம் குடுத்துட்டு, அதே எடத்துல வாட்ச்மேனா நின்னுச்சு."

"எம் பேரப் பையனப் போடுங்க" என்றார் பச்சையம்மா. "பொறந்த அன்னிக்கே போய்ட்டான். பேரு வெக்கல." சரசு குனிந்து தரையைப் பார்த்தார். பெயரில்லாத பிள்ளையை எவ்வாறு அழைப்பது என்ற வினாவை இம்முறை எவரும் எழுப்பவில்லை. "சரசு புள்ள" என்று சிட்டிபாபு மும்முறை அழைத்தார். "கீறான்" என்றார் பச்சையம்மா. அதன்பின் மருமகளின் கையைப் பற்றிக்கொண்டார். அதுவரை அவர் அவ்வாறு பற்றியதை அவையோர் கண்டதில்லை.

பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பதிவேட்டின் பக்கம் நிறைந்தது, மறுபக்கமும் நிறைந்தது. வெளியே மழை வலுத்தது. படிக்கட்டில் மழைநீர் இறங்கும் ஓசை பலர் ஏறி வருவதுபோல் கேட்டது. எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வருகிறவர்களுக்கு வழிவிடுவதுபோல் கால்களை மட்டும் ஒடுக்கிக்கொண்டனர். இறுதியில் சிட்டிபாபு தலைவரைப் பார்த்தார்.

வேதாசலம் சிவப்புப் பேனாவை மூடினார். "என் முன்னுரையில ஒரு நன்றி இருக்கு. யாருக்குன்னு எழுதலை. அதனாலதான் அது முடியவே இல்லை." சற்று நிறுத்தினார். "அம்மணின்னு போடுங்க. எங்க அக்கா. என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்கு..." அதற்குமேல் அவருக்கு அலுவல்மொழி துணைவரவில்லை.

அம்மணி மும்முறை அழைக்கப்பட்டார். தலைவரின் உதடுகள் அசைந்தன, ஒலி எழவில்லை. ஞானம்மாளே அவருக்காகச் சொன்னார்: "கீறாங்க."

கழகத்தின் அவ்வாண்டு அறிக்கை இந்நிகழ்வை ஒரே வரியில் பதிவு செய்திருக்கிறது: 'அன்று பயிற்சி நடைபெறவில்லை, வருகை முழுமை.'

சவுரிமுத்துவும் ஞானம்மாளும் வீடு சேர்ந்தபோது மின்சாரம் இல்லை. மாலை மயங்கிவிட்டிருந்தது. ஞானம்மாள் மாதாவின் முன் மெழுகுதிரி ஏற்றி முழந்தாளிட்டார். சவுரிமுத்துவும் அருகே முழந்தாளிட்டார். செபமாலையின் மணிகள் ஒவ்வொன்றாக ஞானம்மாளின் விரல்களில் நகர்ந்தன. முடிவில், இறந்தோர்க்கு இளைப்பாற்றி வேண்டும் இடத்தில், ஞானம்மாள் தம் தாய் தந்தையர் பெயரைச் சொன்னார்; மாமனார் மாமியார் பெயரைச் சொன்னார். ஒரு மூச்சு விட்டார்.

"அமலராணி" என்றார்.

பெயர் வீட்டுக்குள் நின்றது. ஞானம்மாள் எங்கும் போகவில்லை.

சவுரிமுத்து மெழுகுதிரியின் வெளிச்சத்திலேயே தாளை விரித்தார். பதிவேட்டில் அடிக்கப்பட்டாலும் இனி அப்பெயர் வீட்டில் ஒலிக்கும்; காய்ச்சல் கண்ட முதல் நாளை எழுதவேண்டும். பேனாவைத் திறந்தவர் தயங்கினார். ஞானம்மாள் எழுந்து வந்து, தம் பெருவிரலால் அவர் நெற்றியில் சிலுவை வரைந்தார்.

"எழுதுய்யா. ஆண்டவரு ஒன் கையோட இருக்கட்டும்."